பாடபேதம்

ஆரே காலனியில் மூன்றாம் நாளாக மழை.
மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்
பட்டப்பகலில் ஒரு சிறுத்தை
சாலையோரமாகவே நடந்து வந்திருக்கிறது.
கல்லெறிந்தார்கள்.
தகரம் தட்டினார்கள்.
காது அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.
வாயில் ஒன்றுமில்லாமல்
எதையோ மென்றுகொண்டே இருந்தது என்றார்
வனக்காவலர் பிக்கு போயே.
அதற்குப் பயம் கழன்றுவிட்டது,
மராத்தியில் அவர் சொன்னதை
இப்படித்தான் தமிழில் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் செத்தது.
கண்ணோரச் சீழையும் மூக்குச் சளியையும்
பஞ்சுக்குச்சியில் தொட்டு எடுத்தோம்.
மீசையில் ஒரு மயிர்
என் கையுறையோடு வந்தது.

ஜீப் தண்ணீரில் நின்றுபோக
கோரேகாவிலிருந்து மின்ரயில்.
மடியில் ஐஸ் பெட்டி.
எதிரே மீன்கூடைக்காரி
பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்: "பாப்லெட்டா?"
ஆமாம் என்றேன்.
"என்ன விலை?"
அதற்கு மட்டும் எனக்குப் பதில் வரவில்லை.

பரேல் ஆய்வகத்தில் விடிய விடிய
அதைப் படித்தோம்.
பதினையாயிரத்துச் சொச்சம் எழுத்து.
நமக்கு இருநூற்று நாற்பத்தேழு வேண்டியிருக்கிறது,
அதற்கு நாலே நாலு.
தன்னைத்தானே பார்த்து எழுதிக்கொள்ளும்,
எழுதியதைத் திருத்த ஆள் கிடையாது.
எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்போம்.
இங்கே ஏடேதான் எழுதுகிறவன்.
கெட்ட பிரதிகள் பெரும்பாலும்
அங்கேயே, ஒரு செல்லுக்குள்ளேயே, முடிந்துபோகும்.
யாருக்கும் தெரியாது.
எப்போதோ ஒன்று
சரியாகத் தப்பிவிடும்.

தாராவிப் பள்ளிக்கூடத்தில்
புலி என்பதற்குப் புளி என்றெழுதி
உள்ளங்கையில் வாங்கியிருக்கிறேன்.
ஒரு எழுத்துதானே டீச்சர் என்று அழுதேன்.
ஒரு எழுத்துதான்.
நாயின் செல்லைத் திறந்துகொண்டிருந்த கொக்கியில்
ஒரே ஒரு எழுத்து புரண்டால்
வேறொரு கதவும் திறக்கலாம் என்கிறார் டாக்டர் கேத்கர்.
திறக்கலாம், என்கிறார். திறக்கும் என்று சொல்ல மாட்டார்.
திரையில் அந்த இடத்தைப்
பென்சில் முனையால் தட்டிவிட்டு
டீ வாங்கப் போனார்.

இது மணல்வாரியின் பங்காளி.
எனக்கு அஞ்சு வயதில் வந்தது அது,
மூன்று வாரத்தில் போனது.
பங்காளிகள் எப்போது பாகம் பிரிந்தார்கள்,
எந்த மந்தையில், எந்த ஊரில்,
யாரிடமும் பத்திரம் இல்லை.

உறைபெட்டியின் அடித்தட்டில்
ஜூன் மாதத்துக் குப்பி ஒன்று இருந்தது.
கொழுக்கட்டை.
உஸ்மான் டீக்கடை வாசலில்
நான் பெயர் வைத்த குட்டி.
முதலில் தும்மல், பிறகு கால் இழுப்பு,
பிறகு அதுவும்
ஒன்றுமில்லாததை மென்றது.
செத்தபின் பழக்கதோஷத்தில் ஒரு குச்சி தொட்டு வைத்தேன்.
அதன் தாயைச் சில நாளாகக் காணோம் என்று
உஸ்மான் சொன்னபோது
வேறு தெருவுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டையும் அருகருகே வைத்தோம்.
பதினையாயிரத்தில் நாலு எழுத்து வித்தியாசம்.
கொழுக்கட்டைக்கும் சிறுத்தைக்கும் இடையே
ஒரு ராத்திரிச் சாப்பாடு.

அந்த வாசலில்
ஒன்பது நாய்கள் சேர்ந்ததற்குக் காரணம்
குப்பைத்தொட்டி என்று அறிக்கையில் எழுதினேன்.
தினமும் ஏழரை மணிக்கு
இரண்டு பாக்கெட் பிஸ்கட் என்று எழுதவில்லை.
அதற்கென்று கட்டம் இல்லை, படிவத்தில்.

பிக்கு போயே போனில் படம் அனுப்பினார்,
ராத்திரி கேமராவில் விழுந்தது.
இரண்டு குட்டிகள்.
ஒன்று கேமராவையே பார்க்கிறது.
கண் வெள்ளையாக இருப்பது
வெளிச்சம் பட்டதால்தான், அது எனக்குத் தெரியும்.
இருந்தும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

திரும்பும்போது கோரேகாவ் நடைமேடையில்
செம்பட்டை நாய் ஒன்று
காலிப்பெட்டியை முகர்ந்தபடி கூடவே வந்தது.
என் கை பைக்குள் போய்
காகிதத்தைத் தொட்டு
அங்கேயே நின்றது.
அது நிமிர்ந்து பார்த்தது.
தும்மியது.

மழையாலும் இருக்கலாம்.